கலர் பேயை விட கறுப்பு வெள்ளைப் பேயே பயங்கரம்!



போன சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுதியதைப் படித்திருப்பீர்கள். பேய்ப் படம் என்றால் கலரில், கிராபிக்ஸோடு இருக்க வேண்டுமாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி. மூணு நாள் தூக்கம்தான் வரவில்லை. அதனால் இந்தப் பதில்.

நான் பார்த்தது 'நடு இரவில்'. 1970-ல் வந்த படம். வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கினார். இசையும் அவரே, டாக்டராக நடித்ததும் அவரே. சுற்றிலும் தண்ணீர், நடுவில் தீவு, தீவில் ஒரு பெரிய பங்களா. அங்கே சொந்தக்காரர்கள் வந்து கூடுகிறார்கள். எல்லாருக்கும் சொத்து மேல் கண். அப்புறம் ஒவ்வொருத்தராகச் செத்துப் போகிறார்கள். தப்பிக்க வழி இல்லை. நம்ம உத்திரமேரூர் ஏரி தளும்பி நிற்கும்போது நடுவில் ஒரு வீடும், அதில் நீங்களும் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொலை செய்தது யார் என்று எழுத மாட்டேன். எழுதினால் எங்க வகுப்புப் பசங்களே என்னை அடிப்பாங்க.

அந்தப் படத்தில் பெரிய செலவு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வீடு, ஒரு மாடிப்படி, கொஞ்சம் மனிதர்கள், நிறைய நிழல். முகத்தில் பாதிதான் வெளிச்சம் விழும். மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. கலர் படத்தில் பேயின் பல், நகம், கண் எல்லாத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுகிறார்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போது அது மேக்கப் என்று தெரிந்துபோகிறது. நிழலுக்கு மேக்கப் கிடையாதே!

இன்னொரு காரணம் அறிவியல் பாடத்தில் இருக்கிறது. நம் விழித்திரையில் கூம்பு செல், குச்சி செல் என்று இரண்டு வகை உண்டு. நிறம் தெரிவது கூம்பு செல்லால். மங்கிய வெளிச்சத்தில் அது சரியாக வேலை செய்யாது, குச்சி செல்தான் வேலை செய்யும். அதற்கு நிறம் தெரியாது. நம்பிக்கை இல்லாதவர்கள் இன்றைக்குக் கரண்ட் போனதும் கொடியில் காயும் தாவணியைப் பாருங்கள். சிவப்பா, பச்சையா என்றே தெரியாது. அப்படியென்றால் ராத்திரி என்பதே கறுப்பு வெள்ளைதான்! கலரில் ராத்திரியைக் காட்டுகிறவர்கள்தான் பொய் சொல்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஹிட்ச்காக் 1960-ல் 'சைக்கோ' எடுத்தபோது கலர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கறுப்பு வெள்ளையில், தன் டிவி தொடருக்கு வேலை செய்த ஆட்களை வைத்தே சிக்கனமாக எடுத்தார். அதில் ரத்தமாக ஓடுவது சாக்லேட் பாகு! 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார். ஒரு பண்ணை வீடு, வெளியே எழுந்து வரும் பிணங்கள், அவ்வளவுதான். ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் முடித்துவிட்டார்கள். அந்த ஊர் சினிமாவுக்கு அது டீச்செலவு மாதிரி. படத்தில் உரிமைக் குறிப்பு போட மறந்துபோனதால் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக் காட்டலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள்.

மலையாளத்தில் 'பார்கவி நிலையம்', 1964-ல் வின்சென்ட் இயக்கியது, கதை வைக்கம் முகமது பஷீர். பாழடைந்த வீட்டுக்குக் குடிவரும் ஓர் எழுத்தாளர் அங்கே இருக்கும் பேய்ப் பெண்ணிடம் மரியாதையாகப் பேசுவார். அவளைக் கொன்றது மனுஷன்தான் என்று கடைசியில் தெரியும். அதே கதையை 2023-ல் கலரில் 'நீலவெளிச்சம்' என்று திரும்ப எடுத்தார்கள். பழசு சிரிப்பு வருகிற படம் என்றால் 59 வருஷம் கழித்து ஏன் தேடிப் போகிறார்கள்?

இதெல்லாம் நான் தெரிந்துகொண்டது. இனி எழுதப்போவது எங்க ஆயா வீட்டில் நடந்தது.

ஆயா வீடு ஊர்க் கடைசியில் இருக்கு. பின்னாடி புளியமரம், கிணறு. தாத்தா போனதுக்கு அப்புறம் ஆயா தனியாத்தான் இருக்காங்க. கொஞ்ச நாளில் ஒரு பேச்சு கிளம்புச்சு. ராத்திரி கிணத்துப் பக்கம் கொலுசு சத்தம் கேக்குதாம். வெள்ளைச் சேலை தெரிஞ்சுதாம். சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, "இந்த வீடு ஒனக்கு ஆவாது, வந்த விலைக்குக் குடுத்துட்டு மவன் வீட்டோட போய் இரு"ன்னு சொன்னார். வாங்கறதுக்கு ஆளையும் அவரே வச்சிருந்தார். ஆயாவும் பயந்துபோய் பாத்திரத்தை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. சனி, ஞாயிறு அங்கே படுக்கப் போகும் நானும் போறதை நிறுத்திட்டேன். அதை நினைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் செல்லில் 'நடு இரவில்' பார்த்தோம். ஆயாவும் எங்க வீட்டில் கூட உட்கார்ந்து பார்த்தாங்க. சின்ன வயசில் டென்ட் கொட்டாயில் மணலைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்த படங்களைப் பற்றிச் சொன்னாங்க. ஒரே மிஷின் என்பதால் ரீல் மாத்தும்போதெல்லாம் இடைவேளை விடுவாங்களாம். பழைய பிரிண்ட்டில் மழை பெய்யிற மாதிரி கோடு கோடா ஓடுமாம். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிச்ச 'யார் நீ?' (1966) பார்த்துட்டு ஏரிக்கரை மேல் இருட்டில் நடந்து வந்தப்போ, எதிரில் யாரோ வெள்ளை வேட்டியில் வர, கூட வந்த பொம்பளைங்க எல்லாரும் ஓடினாங்களாம். அது இந்தியில் 1964-ல் வந்த 'வோ கௌன் தீ' படத்தோட கதை. அதிலும் வெள்ளைச் சேலைப் பேய் வரும். ஆனா சொத்துக்காக ஒருத்தனைப் பைத்தியம் ஆக்க, மனுஷங்க போட்ட திட்டம்தான் அந்தப் பேய்.

படம் முடிஞ்சதும் ஆயா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாங்க, "ஏண்டி, பேய்க்கு எதுக்குடி பட்டா?"

அன்னிக்கே டார்ச் எடுத்துக்கிட்டு ஆயாவும் நானும் அண்ணனும் அங்கே போய்ப் படுத்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் நிஜமாவே 'ஜல் ஜல்'னு சத்தம் வந்துச்சு. எனக்குக் கை கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. அண்ணன் போர்வைக்குள்ள! ஆயாதான் எழுந்து போனாங்க. கிணத்து உருளையில் பழைய இரும்புச் சங்கிலி தொங்கிக்கிட்டு இருந்தது, காத்துக்கு ஆடி ஆடிக் கல்லில் மோதுது. அதைக் கழட்டி உள்ளே போட்டுட்டு வந்து படுத்துட்டாங்க. அதை யாராவது கட்டிவிட்டாங்களா, முன்னாடியே இருந்துச்சான்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க யார் மேலயும் பழி போடலை.

'பேயே இல்லை என்று சொல்கிற படத்தைப் பார்த்து எப்படிப் பயம் வரும்?' என்று தம்பி கேட்கலாம். கலர் பேய்ப் படம் முடிந்து லைட் போட்டால் பயம் போய்விடுகிறது. இந்தப் படங்களில் முடிவில்தான் ஆரம்பிக்கிறது. நம்மோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் அது என்று தெரிந்த பிறகு எந்த லைட்டைப் போடுவது?

ஆயா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்காங்க. பொங்கல் கழிச்சு அந்தச் சொந்தக்காரர் மறுபடியும் பேச வர்றதா சொல்லி அனுப்பியிருக்கார். பட்டாவைத் தகரப் பெட்டியில் வச்சுப் பூட்டி, சாவியை ஆயா என்கிட்ட குடுத்திருக்காங்க. பத்திரமா வச்சிருக்கேன். எங்கேன்னு மட்டும் இதில் எழுத முடியாது!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி