மீட்டரைப் பழிக்குமுன்

நம் சங்கக் கூட்டங்களில் கூலிக்கும் கடனுக்கும் அடுத்தபடியாக இப்பொழுது அதிகம் பேசப்படுவது மின்சாரக் கட்டணமே. "வீட்டிற்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, மீட்டர்தான் தாறுமாறாக ஓடுகிறது" என்பது அங்கத்தினர் பலரின் முறையீடு. மீட்டர் பழுதாவதும் உண்டு. ஆயினும் அதனைக் கடைசியாகவே ஐயுறுதல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியது கணக்கெடுத்த தேதி. தமிழ்நாட்டில் வீட்டு உபயோகம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவிடும் குடும்பத்திற்கு 60 நாளில் 480 யூனிட் ஆகும். பத்து நாள் தாமதித்துக் கணக்கெடுத்தால் 560. இரு மாத உபயோகம் 500ஐக் கடந்துவிட்டால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குரிய குறைந்த விகிதமும் கைநழுவும். ஒரு விளக்குக்கூட அதிகமாக எரியாமலே கட்டணம் ஏறிவிடுவது இவ்வாறுதான்.

தேதி சரியாக இருப்பின், வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். அதிலுள்ள சிறு சிவப்பு விளக்கு அப்பொழுதும் விட்டுவிட்டு மின்னுமாயின், எங்கோ மின்சாரம் செலவாகிறது. மெயின் ஸ்விட்சையும் அணைத்தபின் மின்னல் நின்றால் கோளாறு வீட்டு ஒயரிங்கில் இருக்கிறது. நில்லாவிடின் மின்வாரிய அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குழித்தறி உள்ள வீடுகளில் இச்சோதனையை ஒத்திப்போடுதல் கூடாது. ஈரத் தரையில், குழிக்குள் காலை வைத்து நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கு, கசியும் மின்சாரத்தால் வரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

விவசாய அங்கத்தினர் வீடுகளில் என் ஐயம் பெரும்பாலும் தண்ணீர் மோட்டார் மீதே செல்லும். வயல் மோட்டாருக்குக் கட்டணம் இல்லாத பழக்கத்தில் வீட்டு மோட்டாரையும் அப்படியே ஓடவிடுகிறோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தொட்டிக் குழாய் ஒழுகுவதால் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரு மாதத்தில் 60 யூனிட் வீண்.

கைத்தறி நெசவாளர் மற்றொன்றும் பார்த்தல் அவசியம். அவர்களுக்குரிய இலவச மின்சாரம் 2023இல் இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ள இணைப்பில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டணச் சீட்டை வாசித்தறிய வேண்டும். சீட்டை மடித்துப் பெட்டியில் வைப்போர் தொகை, வாசிப்போர் சிலரே.

இது சங்கத்தின் வேலையன்று என நிர்வாகக் குழுவினர் சிலர் கருதுகின்றனர். நான் அதற்கு உடன்படேன். சங்கம் கொடுக்கும் கூலியிலிருந்துதானே இக்கட்டணமும் போகிறது? பாவு வழங்கும் நாளில் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் மீட்டர் எண்ணைக் குறித்து வரட்டும். காரியதரிசி அதனை ஒரு நோட்டில் பதியட்டும். எண் திடீரென ஏறிய வீடுகளுக்குத் தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவரைச் சங்கமே அனுப்பலாம். வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எந்தச் சங்கம் முன்வருகிறதோ, அதன் பதிவேட்டு முறையை வகுத்துக் கொடுக்க நான் சித்தமாயிருக்கிறேன்.