தடித்த அடிமரம் வேண்டுமா? நட்டு வளர்க்கலாமே!

வார இறுதியில் செடி விற்கும் நாற்றுப் பண்ணை ஒன்றுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் ஒரு போன்சாய் நிற்கும். புயலில் நூறு ஆண்டு அடிபட்டதுபோல் முறுக்கேறிய அடிமரம், பாதி பட்டுப்போன வெண்கட்டை, உச்சியில் சிறு பச்சைக் குடை. விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். அதன் பெயர் மெந்திகி. பின்வரிசையில், கறுப்புப் பிளாஸ்டிக் பையில், பென்சில் பருமனில் ஒரு குச்சி நிற்கும். அது அந்திங் புத்ரி. வருகிறவர்கள் எல்லாரும் முதல் மரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் உங்களை வாங்கச் சொல்வது அந்தக் குச்சியை.

காரணம் விலை அல்ல. அந்த மெந்திகியை வளர்த்தவர் பெரும்பாலும் அதை விற்பவர் அல்லர். கடலும் காற்றும் பல்லாண்டு செதுக்கிய மரத்தை யாரோ ஒருவர் உளியும் கடப்பாரையும் கொண்டு பெயர்த்து வந்திருக்கக்கூடும்.

மெந்திகியின் அறிவியல் பெயர் பெம்ஃபிஸ் அசிடுலா. அலை தெறிக்கும் பவளப்பாறைக் கரையிலும் சுண்ணாம்புப் பாறை இடுக்கிலும் வாழும் மரம் இது. உப்பைத் தாங்கும் தடித்த சிற்றிலை. ஆறு இதழ் கொண்ட சின்ன வெள்ளைப் பூ. இரும்பு போன்ற கட்டை. மலேசியக் கரைகளில் மட்டுமல்ல, இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இது பரவியிருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. உலக அளவில் அழிந்துவிடும் இனம் அல்ல. ஆனால் இடத்துக்கு இடம் கதை வேறு. சிங்கப்பூரில் இயற்கையாக வளரும் மெந்திகி, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பிலிப்பீன்ஸில் பந்திகே என்று அழைக்கப்படும் இதே மரத்தை அனுமதியின்றித் தோண்டிக் கடத்துவோர் கைது செய்யப்படுவது அடிக்கடி வரும் செய்தி. நம் நாட்டிலும் வனப் பகுதியிலிருந்தோ அரசு நிலத்திலிருந்தோ உரிமமின்றி மரம் எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

பாறை இடுக்கில் ஓடிய வேரை முழுதாக எடுக்க முடியாது. வேரை இழந்த மரங்களில் பல, தொட்டிக்கு வந்த சில மாதங்களில் கருகிவிடுகின்றன. நாம் கடையில் காண்பது பிழைத்த மரத்தை மட்டுமே. செத்த மரங்களை யாரும் முன்வரிசையில் வைப்பதில்லை. விதையிலிருந்து மெந்திகியை வளர்க்கும் நேர்மையான பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள். “இது எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டாக உங்களிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் குச்சிக்கு வருவோம். அந்திங் புத்ரி என்றால் இளவரசியின் காதணி. நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்குவதால் அந்தப் பெயர். நல்ல மணம். சீனர்கள் இதை நீர்ப்பிளம் என்ற பொருளில் அழைக்கிறார்கள். இந்தோசீனாவிலிருந்து தாய்லாந்து வழியாக நம் தீபகற்பம் வரை இதன் சொந்த நிலம். அறிவியல் பெயர் ரைட்டியா ரெலிஜியோசா. அரச மரத்தின் அறிவியல் பெயரிலும் இதே ‘ரெலிஜியோசா’ உண்டு என்பது உங்களில் சிலருக்கு நினைவு வரலாம். தாய்லாந்துக் கோயில் வளாகங்களில் இதை வளர்ப்பது வழக்கம். ரைட்டியா என்பதும் நமக்கு அந்நியமான குலம் அல்ல. சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சும் வெட்பாலை இதன் நெருங்கிய உறவு. இலையைக் கிள்ளினால் பால் வடிவதும், இரட்டைக் காய் வெடித்துப் பட்டுநூல் கட்டிய விதை பறப்பதும் இரண்டுக்கும் பொது.

போன்சாய்க்கு இது ஏன் பொருந்துகிறது? தொட்டியில் அடக்கி வளர்த்தால் ஒரு மரத்தின் இலை சிறுத்துவிடும். ஆனால் பூ அவ்வளவாகச் சிறுப்பதில்லை. ஓரடி உயரச் செம்பருத்தியில் உள்ளங்கை அகலப் பூ மலர்ந்தால் குழந்தை தலையில் தலைப்பாகை வைத்ததுபோல் இருக்கும். அந்திங் புத்ரியின் பூ இயல்பிலேயே ஏறக்குறைய ஐந்து சென் காசளவுதான். எனவே சிறு மரத்தில் அளவு பொருந்திவிடுகிறது.

கத்தரிக்கோலைப் பிடிக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்திருந்தால் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கேமரன் மலையில் இடுப்பளவில் கம்பளம்போல் பரந்து கிடக்கும் தேயிலை, செடி அல்ல, மரம். விட்டால் பல மீட்டர் உயரும். கவாத்து வெட்டி வெட்டியே அதை இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறோம். நுனியை வெட்டினால் பக்கத்தில் தளிர் வெடிக்கும் என்பது கவாத்துக் கத்தி பிடித்த எவருக்கும் தெரியும். ஏன் வெடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அறிவியலாளர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. 1880இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்று எழுதினார்கள். 1920களின் பிற்பகுதியில் டச்சுக்காரர் ஃப்ரிட்ஸ் வென்ட் அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் என்று காட்டினார். அதுவே ஆக்சின். (அதன்பின் அவர் சில ஆண்டுகள் வேலை பார்த்தது ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில், நமக்கு அக்கம்பக்கம்தான்.) நுனியில் சுரக்கும் ஆக்சின் கீழுள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது, நுனி போனால் அவை விழிக்கின்றன என்றே பள்ளியில் படித்தோம்.

அது பாதிக் கதை. 2014இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்து ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் பார்த்தபோது, நுனியை வெட்டியதும் ஆக்சின் குறையும் முன்பே கீழ் மொட்டு வளரத் தொடங்கியிருந்தது. அதை முதலில் எழுப்பியது சர்க்கரை. நுனி தின்றுகொண்டிருந்த சர்க்கரை மொட்டுக்குத் திரும்பிவிடுகிறது. தொட்டி மரம் வளர்ப்பவருக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: இலையும் வெயிலும் இல்லாமல் மெலிந்த மரத்தை வெட்டாதீர்கள். கையிருப்பில் சர்க்கரை இல்லாத மரத்தை வெட்டினால் விழிப்பதற்கு மொட்டிடம் எதுவும் இராது.

வளர்க்கும் முறை எளிது. முருங்கைப் போத்து நடுவதுபோல் நடலாம். விரல் பருமனுள்ள கிளையும் வேர்விடும். இன்னும் தடித்த கிளை வேண்டுமென்றால் விண்பதியம் போடலாம். வேர் பிடித்ததும் பலர் செய்யும் தவற்றை நானும் செய்தேன். அழகான ஆழமற்ற போன்சாய்த் தட்டை வாங்கி அதில் நட்டேன். நான்கு ஆண்டு கழித்தும் அடிமரம் பென்சிலாகவே நின்றது. அடிமரத்தைத் தடிக்க வைப்பது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்திசு. அதற்குத் தீனி இலைகள் சமைக்கும் சர்க்கரை. இலை எண்ணிக்கையையும் வேரையும் தட்டில் அடக்கிவிட்டால் தடிப்பு ஏறக்குறைய நின்றுபோகும். ஆகவே முதலில் தரையிலோ பெரிய தொட்டியிலோ மூன்று நான்கு ஆண்டு கட்டுப்பாடின்றி வளர விடுங்கள். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுங்கள். அதன் வேலை அடிமரத்துக்குச் சோறு போடுவது. வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். நான் மரத்தைத் தட்டிலிருந்து பிடுங்கி வேலியோரம் நட்டபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டே ஆண்டில் அடிமரம் கட்டைவிரலைத் தாண்டியது.

பிறகுதான் வடிவம். கம்பி சுற்றி வளைக்கலாம். ஆனால் நம் வெப்பத்தில் கிளை வேகமாகத் தடிப்பதால் சில வாரங்கள் கவனிக்காவிட்டால் கம்பி பட்டையில் புதைந்து வடு விழும். தென்சீனாவின் குவாங்டோங் பகுதியில் வளர்ந்த லிங்னான் முறை நமக்கு ஏற்றது. வளர விடு, வெட்டு, மறுபடி வளர விடு, அவ்வளவுதான். அந்திங் புத்ரியில் இலைகள் எதிரெதிராக அமைவதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டு உண்டு. வேண்டிய திசையில் உள்ளதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அது தடித்ததும் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் கிளை சற்றுத் திரும்பும், சற்று மெலியும். பத்து ஆண்டில் அந்தத் திருப்பங்களே மரத்தின் வயதைப் பேசும்.

வயது என்றதும் இன்னொன்று. “இது எண்பது வயது மரம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குளிர்காலம் உள்ள நாடுகளில் மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணலாம். ஆண்டு முழுதும் வளரும் நம் நாட்டு மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை. விலைச்சீட்டில் உள்ள வயது பெரும்பாலும் விற்பவரின் வாய்ச்சொல்தான்.

மரத்தைச் சித்திரவதை செய்கிறோமே என்று கேட்பவர்களும் உண்டு. வேலியாக வெட்டும் செம்பருத்திக்கும் தேயிலைக்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைவிடக் கவலை தருவது கொசு. அந்திங் புத்ரி நிறையத் தண்ணீர் குடிக்கும். அதனால் பலர் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கிறார்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டில் புழு இருந்தால் சுகாதார அதிகாரி அபராதச் சீட்டு நீட்டுவார். அதைவிடப் பெரிய இழப்பு டிங்கியால் வரும். தட்டே வேண்டாம்; காலையும் மாலையும் ஊற்றுங்கள்.

தீபாவளிக்குப் பூக்க வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னதாக, நன்றாக இருக்கும் மரத்தில் மட்டும், எல்லா இலைகளையும் கிள்ளி எடுங்கள். கிளை நுனிகளை வெட்டி முழு வெயிலில் வையுங்கள். பால் ஒட்டிய கையைக் கண்ணில் வைக்காதீர்கள். பூ புதுத் தளிரோடுதான் வரும். மூன்று நான்கு வாரமாகும். மழை விடாமல் பெய்தால் கணக்குத் தள்ளிப்போகும். என் மரம் சென்ற முறை, முறுக்கெல்லாம் தீர்ந்து, திருநாள் முடிந்த நான்காம் நாள் காலையில் பூத்தது.