சுவடும் பெயரும்

ஓவியம் கற்பனை, புகைப்படமோ பொருளின் நேர்ச்சுவடு. ஆகவே அது பொய்யுரைக்காது என்று வாதிடுவோர் இன்றும் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படத்தையே கொள்வோம். வறுமையின் முகம் என உலகம் அதைக் கொண்டாடியது. அப்பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவேயில்லை. அவர்கள் கார் டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங்கே எழுதியதைக் குடும்பத்தார் பின்னாளில் மறுத்தனர். படத்தின் ஓரத்தில் தெரிந்த கட்டைவிரலொன்றும் நெகட்டிவில் மறைக்கப்பட்டது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் பெயரை உலகம் அறிந்தது 1978இல்தான். தம்மைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் அப்போது நொந்துகொண்டார்.

அவர் முகத்தில் பட்ட ஒளியே ஃபிலிமில் பதிந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒளி பதித்தது ஒரு முகத்தை மட்டுமே. 'தாய்' என்பதும் 'வறுமை' என்பதும் பார்த்தவர்கள் ஏற்றிய பொருள். ஒருவர் அங்கிருந்தார் என்று சுவடு சொல்லும்; அவர் யார் என்று சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். படமே மெய் என்று நம்புவோர்க்கு அக்கேள்வி எழுவதேயில்லை. நம் மறுப்பு அந்த நம்பிக்கையின்மீதுதான், புகைப்படக் கலையின்மீதன்று.