இடுப்பை அளக்காத வைத்தியம்

இரவு பதினொரு மணிக்கு மேல் டி.வி.யைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் வைத்தியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் உருத்திராட்சம், மேஜையில் லேகிய டப்பா, கீழே இன்று மதுரை, நாளை திருநெல்வேலி என்று ஓடும் லாட்ஜ் முகவரிகள். இளமையில் செய்த தவறால் நரம்பு தளர்ந்துவிட்டதாம்; ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதுமாம். பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால், "நாற்பதைத் தாண்டினால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கத்தான் செய்யும், ஊசி போட்டால் ஏறிவிடும்" என்பார்கள். லேகியம் இருந்த இடத்தில் ஊசி வந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஏதோ தீர்ந்துபோயிற்று, வெளியிலிருந்து ஊற்றி நிரப்பலாம் என்ற நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது.

வயதின் மேல் பழி போடுவது வசதியானது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வயதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம்தான் குறைவு தெரிந்தது. பருமனானவர்களிடமோ பெருஞ்சரிவு. அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்த உண்மையான குறைபாடு 2.1 சதவீதம் பேருக்கே என்று 2010இல் அதே ஆய்வு சொன்னது.

தொப்பை சும்மா கிடக்கும் சதை அல்ல. கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதமும் குறைகிறது. பருமன் முற்றினால், விரைகளுக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவே மங்கிவிடுகிறது. ஹார்மோன் குறைந்தால் தசை கரையும், கொழுப்பு இன்னும் ஏறும்.

நல்ல செய்தி, இந்தச் சரிவு மீளக்கூடியது. 2013இல் வெளியான தொகுப்பாய்வின்படி, உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்குச் சராசரி 2.9 நானோமோல் கூடியது. இரைப்பை அறுவை சிகிச்சையால் நிறைய எடை இழந்தவர்களிடம் 8.7. எவ்வளவு எடை இறங்கியதோ அவ்வளவு ஏற்றம்.

ஊசியால் பயனே இல்லையா? உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கும் இரண்டாண்டு முடிவில் சர்க்கரை நோய் இருந்தது. ஆனால் இரு தரப்பாருமே எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்கள். நம் ஊரில் திட்டத்தை விட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆய்விலேயே ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தம் கெட்டிப்பட்டது.

இன்னொரு கொடுமை, வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இலேயே முடிவை வெளியிட்டது. குழந்தைக்காகக் காத்திருப்பவர் "பலத்துக்கு" என்று அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

விரையிலோ பிட்யூட்டரியிலோ நோய் உள்ளவருக்கு ஊசி அவசியம். அதில் தகராறு இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் டாக்டர் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தமா? இரண்டு முறை பார்த்தாயிற்றா? இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? இவற்றைக் கேட்காமல் சீட்டு எழுதுகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.