அறையைப் பகிர்வதற்கு முன்...



வவுனியாவில் தையற்கடையில் வேலை செய்யும் ஒரு தங்கை சென்ற மாதம் என்னிடம் வந்தாள். "அக்கா, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிப்போட்டார். அறைக்கு இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால்தான் சமாளிக்கலாம். ஆனால் ஆரை நம்புறது?" என்று கேட்டாள்.

நானும் இப்படித் தவித்திருக்கிறேன். 2015இல் வேலைக்காக வவுனியாவுக்கு வந்தபோது, முகத்தை மட்டும் பார்த்து ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் வாடகைப் பங்கையும் மின் கட்டணத்தையும் தராமலே போய்விட்டாள். அவளது முழுப்பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சூட்டோடு அடுத்து வந்தவளைத் துருவித் துருவிக் கேட்டேன். எந்த ஊர், 2009இல் எந்த முகாம், ஏன் தனியே இருக்கிறாய்? அவள் எழுந்துவிட்டாள். "இந்தக் கேள்வியெல்லாம் எத்தனையோ பேர் கேட்டு முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சமூகவியல் படித்த எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

அதன்பின் ஒன்றைத் தெளிவாக வைத்திருக்கிறேன். அறைக்குத் தேவையானதைத் தயங்காமல் கேட்க வேண்டும், காயத்தைக் கிளறக்கூடாது.

முதற் சந்திப்பைக் கடையிலோ வேலைத்தலத்திலோ வையுங்கள். தேசிய அடையாள அட்டையைப் பாருங்கள்; உங்களுடையதையும் காட்டுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்களும் புதிய அட்டையில் முதல் நான்கு எண்களும் பிறந்த ஆண்டைக் குறிக்கும். சொல்லும் வயதோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். அவளை அறிந்த இருவரிடம், முன்பு இருந்த வீட்டுக்காரரிடமும் வேலைத்தலத்திலும், அவளுக்குச் சொல்லிவிட்டே விசாரியுங்கள். வேலை நேரம், சமையல், வந்துபோவோர் பற்றி முதலில் உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள். அவளும் தன்னுடையதைச் சொல்வாள்.

வீட்டுக்காரரின் சம்மதத்தையும் பெறுங்கள். வாடகைப் பங்கு, முற்பணம், மின் கட்டணம், விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். முதல் மாதத்தைப் பரீட்சார்த்தமாக வையுங்கள். இரவில் பயமின்றிக் கதவைச் சாத்திப் படுக்க முடிகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நாம் விசாரணைகளால் களைத்துப்போனவர்கள். அதற்காக விசாரிக்காமலே நம்பிவிடவும் வேண்டாம். நம்மைப் போன்ற இன்னொருத்தியை விசாரணைக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.