காதால் படிக்கும் புத்தகங்கள்: எதைக் கேட்பது, எதைத் தள்ளுவது?

ஒலிநூல் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பேசியைத் தொட்டால் யாரோ ஒருவர் புத்தகத்தை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போகிறார். கல்யாணில் வண்டி ஏறும் தோழர் தாதரில் இறங்குவதற்குள் இரண்டு சிறுகதைகள் முடிந்துவிடுகின்றன. தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி வேக வைக்கும் தாய்மார்கள் மாவுப் பாத்திரத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நம் சங்கக் குடும்பங்களில் எதையெல்லாம் கேட்கிறார்கள் என்று சில மாதங்களாக விசாரித்து வந்தோம். அவர்கள் சொன்னவற்றில் பலவற்றை நாமும் கேட்டோம். பாராட்ட வேண்டியதும் உண்டு, கண்டிக்க வேண்டியதும் உண்டு.

"புத்தகத்தைக் கண்ணால் படிக்க வேண்டும், காதால் கேட்பது சோம்பேறித்தனம்" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று கேட்போம்: தமிழ்நாட்டில் பகுத்தறிவு எப்படிப் பரவியது? முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் 'விடுதலை'யை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டதனால் அல்லவா? அதற்கும் முன்னால் திண்ணையில் பாரதமும் அல்லி அரசாணி மாலையும் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்டது. இது நம் பக்கத்துச் சங்கதி மட்டுமல்ல. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதற்கொண்டு, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, உரக்கப் படிப்பதற்கென்றே ஓர் ஆளை அமர்த்தினார்கள். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். அவர்கள் விரும்பிக் கேட்ட நாவலின் பெயரே 'மாண்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டுக்குப் பெயரானது. கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. படிப்பவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கை உழைக்கும்போது காதுக்கு வேலை கொடுப்பது தொழிலாளி வர்க்கத்தின் பழைய கலை.

மும்பையில் இதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், கேட்டால் புரிந்துகொள்வார்கள், படிக்க வராது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் வகுப்புகள் சுருங்கிக்கொண்டே வந்ததை நம் வாசகர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் நூலின் வாசல் இப்போதைக்குக் காதுதான். எழுத்தைக் கற்பிக்கும் கடமை இதனால் நீங்கிவிடாது.

இனிக் கேட்டவற்றைப் பற்றி.

எல்லா வீட்டிலும் ஒலிப்பது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்த பிறகு கேட்பவர் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அல்லவா, ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு ரயில் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. இறங்க வேண்டிய நிலையத்தில் வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு இறங்குகிறோம். மாலையில் ஏறியதும் காப்பாற்றிக்கொள்கிறோம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால் இதையே சொல்வோம். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக் கேளுங்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வீரனில் கதை தொடங்குகிறது. அந்த ஏரியை வெட்டியவன் எங்கே? மண் சுமந்தவள் எங்கே? ஓடக்காரப் பூங்குழலியைத் தவிர உழைத்துப் பிழைக்கிற முகம் நினைவில் நிற்பது அரிது. இதற்காகக் கதையைத் தள்ள வேண்டாம். பிள்ளையிடம் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் போதும்.

அடுத்து புதுமைப்பித்தன். 'பொன்னகரம்' பத்து நிமிடத்துக்குள் முடியும் கதை. ஆலையில் வேலை செய்யும் அம்மாளுவின் கதை. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி காய்ச்ச அவளுக்கு முக்கால் ரூபாய் வந்த வழியைச் சொல்லிவிட்டு, ஆசிரியர் நம்மை ஓர் அறை அறைந்து நிறுத்துகிறார். அதை நம் குடிசைப் பகுதியில் கேட்பவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஆனால் படிக்கிறவர்கள் விடுகிறார்களா? கடைசி வரி முடிந்ததும் வயலினை இழுக்கிறார்கள். பிறகு, "நேயர்களே, இக்கதை நமக்கு உணர்த்துவது" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். 'துன்பக்கேணி' நீண்ட கதை. திருநெல்வேலிச் சீமைச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் பாடு அதில் இருக்கிறது. பிழைக்க ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை அது. சம்பள முன்பணம், ஆள்பிடிப்பவன், திரும்பி வர முடியாத ஊர்: இன்றைக்கும் ஒப்பந்தக்காரர் கையில் அகப்பட்டவர்களுக்கு இதில் ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். வீட்டை இடிக்க வந்த வண்டியைப் பார்த்த பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வாய் பேசவில்லை. இங்கே ஒரு குறை உண்டு. கரிசல்காட்டுப் பேச்சை அறிவிப்பாளர் குரலில் படித்தால் உயிர் போய்விடுகிறது. நம்மிடையே இருக்கும் கோவில்பட்டிப் பாட்டி ஒருவர் படித்தால் எப்படி இருக்கும்!

இப்போது நாம் கண்டிக்க வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

நம் இளைஞர்கள் அதிகம் கேட்பது கதையும் அல்ல, வரலாறும் அல்ல. பணக்காரனாவது எப்படி என்ற வகை நூல்கள். அவற்றில் தலையாயது அமெரிக்கர் ராபர்ட் கியோசாகி 1997-ல் வெளியிட்ட 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. முழு நூலாகவும், பதினைந்து நிமிடச் சுருக்கமாகவும் தமிழில் எங்கும் ஒலிக்கிறது. நாம் பொறுமையாகக் கேட்டோம். படித்து அரசுச் சம்பளம் வாங்கியவர் அதில் ஏழைத் தந்தை. எட்டாம் வகுப்பையும் முடிக்காமல் தொழில் நடத்தியவர் பணக்காரத் தந்தை. ஏழை பணத்துக்காக உழைக்கிறான், பணக்காரனுக்காகப் பணம் உழைக்கிறது என்பது பாடம். பணம் உழைக்குமா, தோழர்களே? நோட்டுக்கட்டு மண்வெட்டி பிடித்ததை யாராவது பார்த்ததுண்டா? அந்தப் பணத்துக்குப் பின்னால் எவனோ ஒருவன் உழைக்கிறான். அவனை அந்த நூல் கண்ணில் காட்டுவதே இல்லை.

வரவு செலவை எழுதிப் பார், கடனில் பகட்டுப் பொருள் வாங்காதே என்று அதில் சொல்வது நல்ல புத்திதான். அதை நம் பாட்டிமார் காசில்லாமலே சொல்லிவிட்டார்கள். விஷம் வேறு இடத்தில் இருக்கிறது. நீ ஏழையாக இருப்பதற்கு உன் எண்ணமே காரணம் என்று அது சொல்கிறது. கூலி குறைவு என்றால் முதலாளியைக் கேட்க வேண்டாம், சங்கம் சேர வேண்டாம். மனத்தை மாற்றிக்கொண்டால் போதுமாம். இதே ஆசிரியர் பிற்பாடு, ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் சங்கிலி வியாபாரத்தைப் புகழ்ந்தும் புத்தகங்கள் எழுதினார். நம் பகுதியில் ஒரு தோழரின் மகன் இவற்றையெல்லாம் இரவு பகலாகக் கேட்டுவிட்டு, இருந்த கிடங்கு வேலையை விட்டு, அப்படியொரு வியாபாரத்தில் சேர்ந்தான். பணம் போட்டு வாங்கிய சத்துமாவு டப்பாக்கள் பரண்மேல் இருக்கின்றன. சித்தப்பா, மாமா வீடுகளில் அவனைக் கண்டால் கதவு சாத்துகிறார்கள். இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் பண யோகம் சொல்லும் அந்த ஆசிரியரின் நிறுவனம் ஒன்றே 2012-ல் திவால் மனு கொடுத்தது. இதைப் பதினைந்து நிமிடச் சுருக்கத்தில் யாரும் சொல்லக் கேட்கவில்லை.

சுருக்கம் என்ற இந்தப் பழக்கத்தையே நாம் ஏற்பதில்லை. சாற்றைப் பிழிந்து கொடுக்கிறோம் என்கிறார்கள். பிழிந்தவன் எதை எறிந்தான் என்று கேட்பவனுக்கு எப்படித் தெரியும்?

வாழ்க்கை வரலாறு கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காந்தியின் 'சத்திய சோதனை'யைச் சொல்வோம். நம்மில் பலருக்குக் காந்தியோடு மாறுபாடு உண்டு; எமக்கும் உண்டு. ஆனால் 1894-ல் தர்பனில், முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி அவர் முன் வந்து நின்ற பாலசுந்தரம் யார்? ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழன். வெள்ளைக்காரர் முன்னால் கூலி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொல்லும் இடத்தைக் காதால் கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றிய அத்தியாயங்களையும் விட்டுவிடாதீர்கள். கோகலே கொடுத்த தூக்குப் பாத்திரத்தில் பூரியும் இனிப்பும் வைத்துக்கொண்டு அவர் கல்கத்தாவிலிருந்து மூன்றாம் வகுப்பில் கிளம்புகிறார். ரயில்வேயில் பணி செய்யும் நாம் சொல்கிறோம்: முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போகும் நம் மக்கள் அந்த நெரிசலை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எல்லாவற்றிலும் காதுக்கென்றே பிறந்தது அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. கருத்துகளைக் கண்டு அழைத்தவர்களே அஞ்சினார்கள்; ஒரு காற்புள்ளியையும் மாற்ற அம்பேத்கர் இணங்கவில்லை; மாநாடு ரத்தானது. தம் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார்; இரண்டே மாதத்தில் தீர்ந்தன. பெரியார் அதை 'குடி அரசு' வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பேசவிடாமல் தடுத்த பேச்சை இன்று சமையல் கட்டில் ஒலிக்க விடலாம். படிக்கும்போது கடினமாகத் தோன்றிய வாதங்கள், கேட்கும்போது எதிரில் நின்று ஒருவர் கேள்வி கேட்பது போல இருக்கின்றன.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது மனிதருக்குப் பதில் இயந்திரமே படிக்கும் பதிவுகள் பெருகிவிட்டன. தமிழில் ஒரே 'ப'தான். 'பாட்டாளி'யில் ஓர் ஒலி, 'பம்பாய்' தொடக்கத்தில் வேறோர் ஒலி. இயந்திரம் பல நேரம் இதில் தடுக்கி விழுகிறது. எழவு வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே குரலில் படிக்கிறது. இன்னொன்று, இது கட்டளையாகவே சொல்வது: காதில் கருவியை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். வரும் வண்டியின் ஊதல் கேட்காது.

சரி, கேட்க ஆசைப்பட்டும் கிடைக்காதவை எவை? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாட்களைத் திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளில் எழுதியிருக்கிறார். சிங்காரவேலர் முன்னின்ற 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், லட்சக்கணக்கானோர் இறங்கிய 1974 ரயில்வே வேலைநிறுத்தம் ஆகியவை பற்றி எழுத்தில் எவ்வளவோ உண்டு. தேடினால் காதுக்குக் கிடைப்பது பேயும் பணமும்தான். மாதச் சந்தா வசூலிக்கும் நிறுவனங்கள் விற்பனையாவதைத்தான் பதிவு செய்யும். அதில் வியப்பென்ன? ஆனால் திரு.வி.க., வ.உ.சி., கல்கி, புதுமைப்பித்தன் ஆகியோரின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. யாரும் அச்சிடலாம், யாரும் படித்துப் பதிவு செய்யலாம். கேட்க வேண்டியது எவரையும் இல்லை.

ஆகவே நம் சங்கம் ஞாயிறுதோறும் மாலையில் 'வாழ்க்கைக் குறிப்புக'ளின் தொழிலாளர் இயக்கப் பகுதியைப் படித்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறது. முதல் அரை மணியை இரண்டு மில் தொழிலாளர்களின் பெண்மக்கள் படித்திருக்கிறார்கள். நடுவில் குக்கர் விசில் மூன்று முறை கேட்கும், பொறுத்துக்கொள்ளவும். படிக்க விரும்புவோர், முக்கியமாகக் கரிசல், நாஞ்சில், கொங்குப் பேச்சு கைவந்த தாய்மார்கள், சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் அமைதியாக ஓர் அறை தரக்கூடியவர்களும் சொல்லியனுப்பவும். தண்டவாளத்தை ஒட்டிய வீடு மட்டும் வேண்டாம்.