சத்தம் போடாத டேப்பட்

போன மார்கழியில் ஒரு விடிகாலை. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குத் திண்டுக்கல்லில் பரீட்சை. ஒன்பது மணிக்குள் ஹாலில் இருக்க வேண்டும். "நம்ம வண்டி நிக்கும்போது பஸ் எதுக்குக்கா?" என்று முதல் நாள் வீராப்பாகச் சொன்னவன் நான்தான்.

நாலரை மணிக்குப் பெருமாள்மலை வீட்டு வாசலில் என் 1992 மாடல் டீசல் அம்பாசிடர், செல்ஃப் அடிக்க அடிக்க இருமியதே தவிர கிளம்பவில்லை. ஹீட்டரை மூன்று முறை போட்டுப் பார்த்தாயிற்று. சைலன்ஸரில் வெள்ளைப் புகை மட்டும் வந்தது. அந்தப் பெண் ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி, ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் நாலு பேர் தள்ள, வத்தலக்குண்டு ரோட்டு இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எழுப்பினேன். பரீட்சை வாசலில் அவளை இறக்கிவிட்டபோது மணி எட்டு ஐம்பது.

திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். பேட்டரியா, ஹீட்டர் பிளக்கா என்று நான் அடுக்க, அவர் பானெட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்தார்.

"சத்தமே இல்லையே தம்பி."

"ஆமாண்ணே, தையல் மெஷின் மாதிரி ஓடும்" என்றேன் பெருமையாக.

"அதுதான் கோளாறு. டேப்பட் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?"

வண்டி வாங்கி ஐந்து வருஷம். ஒரு தடவையும் பார்த்ததில்லை.

'டக் டக்' என்று தட்டினால்தான் டேப்பட் கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். தட்டினால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். அதையும் சரி செய்யத்தான் வேண்டும், ஆனால் அது நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. இடைவெளி குறைந்தால் சொல்லாது. வால்வு உட்காரும் சீட் தேயத் தேய, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் ஏறும். அதன் தண்டு ராக்கரை நெருங்கும். இன்ஜின் சூடேறி இரும்பு விரிந்ததும் மிச்ச இடைவெளியும் போய், வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் உட்கார்ந்துதான் தன் சூட்டை இறக்க வேண்டும். உட்கார இடம் இல்லையென்றால் விளிம்பு கருகிப்போகும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. போதாததற்கு மார்கழிக் குளிர். லேசாகக் கசியும் வால்வோடு மதுரையில் ஒரே செல்ஃபில் எழுந்திருக்கும் வண்டி, இங்கே மலையில் படுத்துவிடும்.

அடுத்த ஞாயிறு நானே உட்கார்ந்தேன். ரிங் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ், புதுக் கார்க் பேக்கிங். பேட்டரி கம்பியைக் கழற்றி, வண்டியை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டேப்பட் கவரைத் திறந்தால் எட்டு ராக்கர்கள் வரிசையாக நிற்கும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் வெளியேறி, முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இன்ஜினைச் சுற்றலாம். டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளிச் சுற்றுவோரும் உண்டு. அதற்குச் சமதரை வேண்டும். பெருமாள்மலையில் சமதரைக்கு நான் எங்கே போவது?

எதை எப்போது பார்ப்பது என்பதற்கு அம்பாசிடர்காரர்களிடம் ஒன்பது கணக்கு உண்டு. முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8-வது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1-ஐப் பார்க்கலாம். 6 அமுங்கினால் 3. 4 அமுங்கினால் 5. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. எல்லா இன்ஜினுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். எவ்வளவு இடைவெளி, இன்ஜின் சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா என்பதும் அதில்தான் இருக்கும். கிட்டத்தட்ட நகத்தின் கனம்தான். ஆனால் 'கிட்டத்தட்ட' இங்கே உதவாது.

ஃபீலர் கேஜ் தகடு, கனத்த புத்தகத்துக்குள்ளிருந்து ரூபாய் நோட்டை உருவுவதுபோல லேசான பிடிப்போடு வர வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி இடைவெளி மாறிவிடும். முறுக்கியபின் தகட்டை விட்டு இன்னொரு முறை பாருங்கள். எனக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை ஆனது.

5-லும் 8-லும் தகடு நுழையவே இல்லை. இரண்டுமே எக்ஸாஸ்ட். தளர்த்தி வைத்தேன். நல்லவேளை, கருகும் முன் பிடித்துவிட்டேன். கருகியிருந்தால் ஹெட்டை இறக்க வேண்டும். அது வாசலில் உட்கார்ந்து செய்யும் வேலையில்லை. கவரை மூடும்போது நட்டைப் பலமாக முறுக்காதீர்கள், பேக்கிங் நசுங்கி ஆயில் கசியும். அதையும் நான் செய்துதான் தெரிந்துகொண்டேன்!

ஸ்விஃப்ட் டீசல் போலப் பின்னால் வந்த பல கார்களில் ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். அம்பாசிடரோ 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தியே நின்றுபோன வண்டி. இதற்கு நாம்தான் குனிய வேண்டும்.

மறுநாள் காலை ஹீட்டர் போட்டு செல்ஃபைத் தொட்டேன். ஒரே பிடி. வீட்டுக்காரம்மா காபியோடு வெளியே வந்து காதைச் சாய்த்தாள்.

"என்னங்க, புதுசா ஏதோ லேசா தட்டுதே?"

"தட்டட்டும்" என்றேன்.